பதினோராவது அத்தியாயத்துக் காதல்

பிறருடைய சுயசரிதைகளை எழுதிப் பிழைப்பவள் நான். பம்பாயில் நடித்து ஓய்ந்தவர்கள் பலருடைய சோபாக்களில் மணிக்கணக்காக உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். புத்தக அட்டையில் அவர்கள் பெயரும் படமும் இருக்கும். கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில், பல் டாக்டருக்கும் யோகா மாஸ்டருக்கும் நடுவில் கேதகி கார்ணிக் என்று ஒரு பெயர் இருக்கும். அது நான்.

தில்ராஜ் சாகிபின் புத்தகம்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. எழுபதுகளில் கதாநாயகனாக இருந்தவர். திரையில் மலை உச்சிகளில் நின்று கைகளை விரித்துப் பாடியவர், நேரில் வில்லே பார்லேயில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் பனியனோடு உட்கார்ந்து காக்ரா என்ற மொறுமொறு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் அவர் பதில் சாப்பாட்டில் போய் முடிந்தது. அவருடைய மனைவி சர்ளாபென் பக்கத்திலேயே உட்கார்ந்து அதில் பிழை திருத்துவார். "அன்னிக்குப் பண்ணினது உந்தியு கூட்டு இல்ல, மோர்க் கடி."

பத்து அத்தியாயம் முடித்துப் பதிப்பாளர் மன்சுகானியிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் கூப்பிட்டு அனுப்பினார்.

"கேதகி, இந்த மனுஷன் காலையில சாப்பிடறார், நடிக்கப் போறார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து மறுபடி சாப்பிடறார். இது சினிமா ஸ்டார் புத்தகமா, பாங்க் மானேஜர் டைரியா?"

"அவர் அப்படித்தான் வாழ்ந்திருக்கார், சேட்ஜி."

"வாழ்ந்தது அவர் இஷ்டம். விக்கப்போறவன் நான். ஒரு காதல் வேணும். பத்து கேக்கல, ஒண்ணே ஒண்ணு."

இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் வில்லே பார்லே போனேன். தில்ராஜ் சாகிப் காது வரை சிவந்துபோனார். ஆனால் சர்ளாபென் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதானே! நானும் யோசிச்சேன். எல்லா ஹீரோ புத்தகத்துலயும் ஒருத்தி வரா. இவர் புத்தகத்துல யாரும் வரலன்னா, எவளும் இவரைத் திரும்பிக்கூடப் பாக்கலன்னுதானே ஜனங்க நினைப்பாங்க? எனக்கு அது அவமானமில்லையா?"

"சர்ளா, நான் யாரையும்..."

"நீங்க சும்மா இருங்க. குல்நாரைப் போடலாம். இவரோட ஒன்பது படம் பண்ணினா. கனடா போயிட்டதா பேச்சு. இருக்காளோ இல்லையோ. எழுது பொண்ணே."

கணவனின் கள்ளக் காதலை ஒரு மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதியது அதுவே முதல் தடவை. இடம் மாத்தேரான் மலை. குட்டி ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரு பூங்கொத்து வைத்தேன். சர்ளாபென் வேண்டாம் என்றார்.

"பூ எல்லாரும் கொடுப்பாங்க. இவர் காகிதப் பொட்டலத்துல வறுத்த கடலை வாங்கினார். ஒவ்வொண்ணா தோலுரிச்சு அவ உள்ளங்கையில வச்சார். அவ மஞ்சள் புடவை கட்டியிருந்தா."

"இவ்வளவு துல்லியமா எப்படி வருது உங்களுக்கு?"

"கல்யாணமான புதுசுல எங்களுக்கு நடந்ததுதானே," என்றார் சர்ளாபென், வெகு சாதாரணமாக.

தன் தேனிலவையே தூக்கிக் கொடுத்துவிட்டார். மழையையும், ரயில் நிலையத்தில் குல்நார் கதறி அழுததையும் மட்டும் நான் சேர்த்தேன்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. பத்திரிகைகள் பதினோராவது அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் போட்டன. அடுக்குமாடி லிஃப்டில் பெண்கள் தில்ராஜ் சாகிபுக்குப் புது மரியாதையோடு வழிவிட்டார்கள். மூன்றாவது வாரம் மன்சுகானி தொலைபேசியில் அலறினார்.

"அவ உயிரோட இருக்கா! கனடாவும் இல்ல, கினடாவும் இல்ல. தாதர் பார்சி காலனியில இருக்கா. நாளைக்குப் பதினொரு மணிக்கு தில்ராஜ் வீட்டுக்கு வராளாம். நீ போய் சமாளி. எனக்கு ஜுரம்."

மறுநாள் அழைப்பு மணி அடித்ததும் தில்ராஜ் சாகிப் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். அன்று அவர் குளிப்பது அது இரண்டாம் முறை.

குல்நார் மெலிந்து, நரைத்து, நிமிர்ந்த முதுகோடு வந்தார். கையில் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே பஸ் டிக்கெட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. சர்ளாபென் கொடுத்த தேநீரை நிதானமாகக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாம், மேடம்."

"மழைக்காலத்துல மாத்தேரான் ரயில் மேல வரைக்கும் ஓடாது. தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"மஞ்சள் எனக்கு ஆகவே ஆகாது. கட்டினா காமாலை வந்தவ மாதிரி இருப்பேன். அதைக்கூட விடு. பிளாட்பாரத்துல நான் ஏன் அழறேன்? இவன் அழக்கூடாதா? விட்டுட்டுப் போறவளா என்னைப் போட்டிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் சர்ளாபென் முந்திக்கொண்டார்.

"இவளைத் திட்டாதீங்க. எல்லாம் நான் சொன்னது. பெருமையாத்தான் சொன்னேன். ஆனா அச்சுல பாத்ததுலேர்ந்து மூணு வாரமா எனக்கு சோறு இறங்கல. என் கடலையை நீங்க திங்கறீங்க!"

குல்நார் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, சர்ளாபென் எழுந்துபோய் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

"எனக்குக் கடலையே ஒத்துக்காதும்மா. நீங்களே வச்சுக்கோங்க."

தண்ணீர் குடித்து ஆசுவாசப்படுத்திக்கொண்ட பிறகு அவர் குரல் மாறியது.

"நான் சண்டைக்கு வரல. இவனோட நான் ஏன் ஒன்பது படம் பண்ணினேன்னு யாராவது கேட்டீங்களா? மத்த இடத்துல எல்லாம் ஷூட்டிங் முடிஞ்சதும் கதை பேசலாம் வான்னு ஹோட்டலுக்குக் கூப்பிடுவாங்க. எங்க அத்தையைக் கூடவே கூட்டிட்டுப் போவேன். ரூமுக்குள்ள போனதும் மேசையை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுப்போம். இவன் படத்துல மட்டும் அத்தை வீட்டுல நிம்மதியாத் தூங்கினா. அஞ்சரைக்கே கடிகாரத்தைப் பாப்பான். ஆறுக்கு ஓடிடுவான். ஹீரோ ஓடினா எல்லாரும் மூட்டை கட்டித்தானே ஆகணும்? அந்த ஒன்பது படத்துலதான் நான் பயமில்லாம நடிச்சேன். அதைப் போய் இப்படி ஆக்கிட்டீங்களே."

குளியலறைத் தாழ் விலகும் சத்தம் கேட்டது. தில்ராஜ் சாகிப் துளி ஈரமில்லாமல் வெளியே வந்தார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது, குல்நார். ஆறரைக்கு சர்ளா சூடா ரொட்டி போடுவா. ஆறிட்டா நல்லா இருக்காது. அதுக்காகத்தான் ஓடுவேன்."

"தெரியும்டா. அதனாலதான் உன்னை நம்பினேன்."

தில்ராஜ் சாகிப் அவர் எதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுடு."

"என்கிட்ட என்ன மன்னிப்பு? ஊரெல்லாம் படிச்ச இடத்துல கேளு."

அன்று மாலை மன்சுகானியிடம் போய், பதினோராவது அத்தியாயத்தை மாற்றி எழுதாவிட்டால் இனி உங்களுக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றேன். இப்படி நான் பேசியது எனக்கே புதிது. உத்தமனைப் பற்றி எவன் காசு கொடுத்துப் படிப்பான் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் குல்நாரிடம் ஒரு வக்கீல் மருமகன் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஜுரம் திரும்பி வந்து, சரி என்றார்.

இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயம், "முதல் பதிப்பில் நான் சொன்னது பொய்" என்று தொடங்குகிறது. அதன் பிறகு வருவதெல்லாம் குல்நார் சொன்னது, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே. நான் எழுதிய புத்தகங்களில் எனக்கு வெட்கமில்லாத பக்கங்கள் அவைதான். முன்னாள் நடிகைகள் இரண்டு பேர் எனக்குக் கடிதம் எழுதினார்கள். ஒருவருடைய கடிதத்தில் நன்றி என்று மட்டும் இருந்தது.

விற்பனையில் முதல் பதிப்புதான் ஜெயித்தது. ஃபோர்ட் பகுதி நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர் என்னை யாரென்று தெரியாமல் கேட்டார்: "எது வேணும் மேடம், பொய் இருக்கறதா, இல்லாததா? பொய் இருக்கறது ரெண்டு மடங்கு விலை."

போன புதன்கிழமை மத்தியானம் தில்ராஜ் சாகிபிடமிருந்து ஒரு போன்.

"கேதகி, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க, சாகிப். என்ன ஆச்சு?"

"குல்நார் வந்து சர்ளாவை மேட்னிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. இந்த மாசத்துல இது நாலாவது தடவை. என்னைக் கூப்பிடவே இல்ல. குக்கரை எப்படித் திறக்கறதுன்னு உனக்குத் தெரியுமா?"