கட்டாதது மேலே போகும்

அந்தச் சின்னப் பாய்மரப் படகில் கட்டாமல் வைத்த எதுவும் தண்ணீரில் விழாது, மேலே போய்விடும். பாய்மரத்தைப்போல மூன்று மடங்கு உயரத்தில் நின்றுகொண்டு, படகு போகும் இடமெல்லாம் கூடவே வரும். முதலில் தண்ணீர் இறைக்கும் வாளி போனது, பிறகு துடுப்பு, பிறகு படகுக்காரரான பல் மருத்துவரின் மூக்குக்கண்ணாடி. அவர் மனைவி தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்ப்பவர், அதனால் முடிச்சுகள் அவர் பொறுப்பு. நங்கூரம், பம்பு, சுக்கான் கைப்பிடி எல்லாவற்றுக்கும் கயிறு உண்டு, இருவர் இடுப்புக்கும் உண்டு. எதையாவது அவிழ்த்துக் கைமாற்றினால், கொடுப்பவர் "பிடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும். வாங்குபவர் இறுக்கிப் பிடித்த பிறகே "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும்.

தீவைச் சுற்றும் பந்தயத்தை ஆறு வருடமாக அவர்கள் முடித்ததில்லை. ஏழாவது தடவையும் முடிக்காவிட்டால் படகின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அந்த ஏழாவது வருடம், கடைசி மிதவையருகே, கைப்பிடியின் கயிறு நைந்திருப்பதைக் கண்ட மருத்துவர் புதிது கட்டச் சொல்லி அதைக் கழற்றி நீட்டினார். பதினோரு வருடம் கூட வாழ்ந்தவருக்குக் கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிடுகிறது. கண் பாயில் இருக்க, மனைவி "பிடிச்சாச்சு" என்றார். கைப்பிடி மேலே போனது.

"கேக்கறதுக்குள்ள பதிலா? வீட்லயும் இதேதான்."

"வீட்ல நீங்க கேக்கறதே ஒரே கேள்வி. சாவி எங்கேன்னு."

சொல்லிக்கொண்டே மனைவி நங்கூரத்தின் நீளக் கயிற்றை இடுப்பில் கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, பழைய கயிற்றை அவிழ்த்தார். மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார், மனைவி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தார். மூன்று படகுகள் முந்திப் போயின. அவற்றில் இருந்தவர்கள் மேலே பார்த்துக் கையசைத்தார்கள், அவரும் அசைத்தார். கயிறு இரண்டு தரம் அசைந்ததும் மருத்துவர் இழுத்தார். மனைவி இறங்கும்போது கக்கத்தில் துடுப்பு, மூக்கில் கணவரின் பழைய கண்ணாடி, நீட்டிய கையில் கைப்பிடி.

"பிடிச்சாச்சா?"

மருத்துவர் இரண்டு கையாலும் பிடித்து, ஒருமுறை குனிந்து பார்த்து, அப்புறம்தான் "பிடிச்சாச்சு" என்றார்.

கடைசியாக வந்தார்கள், ஆனால் வந்தார்கள். பட்டியலில் பெயர் நின்றது. அடுத்த வருடத்திலிருந்து மனைவி மேலேயே இருந்து காற்று வரும் பக்கத்தைக் கூவிச் சொன்னார். பந்தயக் குழு விண்ணப்பத்தில் 'மேலே இருப்பவர்' என்று ஒரு கட்டம் சேர்த்தது. வாளியை மட்டும் அவர் எடுத்து வரவில்லை, அதில் ஒரு கடற்பறவை குஞ்சுகளோடு குடித்தனம் நடத்துகிறது. தண்ணீர் இறைக்க இப்போது பழைய பால் பாத்திரம்தான். அதற்கும் ஒரு கயிறு உண்டு.