இன்னும் ஒரு ஊர்

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிகளில், எல்லை தாண்டி லிபியாவிலிருந்து வருகிற குடும்பங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் பரிசோதனையை முடித்துவிட்டு நோயாளியைப் பார்த்துச் சிரிப்பார். "எல்லாம் நல்லபடியா இருக்கு, ஹாஜியம்மா. வெளியில உக்காருங்க" என்பார். கூட வந்த ஆண்பிள்ளையை மட்டும் நிறுத்திக்கொண்டு உண்மையை அவரிடம் சொல்வார். நோயாளியிடம் அதில் எவ்வளவைச் சொல்வது என்பது குடும்பத்தின் பொறுப்பு. கெட்ட செய்தி காதில் விழுந்தால் நோய் இன்னும் வேகமாகத் தின்றுவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். மனைவியைக் கூட்டிவந்திருந்த மிஃப்தாஹும் நம்பினார்.

"நரம்பு காஞ்சுபோச்சு" என்றார் டாக்டர். "வலது கண்ணு முடிஞ்சது. இடது கண்ணுல சாவித் துவாரம் அளவுக்குத்தான் மிச்சம். அதுவும் போயிரும். மருந்து ஊத்துங்க, ஆனா எங்கயும் அலையாதீங்க. ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், ஹாஜி."

வெளியே பெஞ்சில் நஜ்மியா உட்கார்ந்திருந்தாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, மிச்சமிருந்த அந்தத் துவாரத்தின் வழியாகக் கணவனின் முகத்தைத் தேடினாள்.

"என்னவாம்?"

"சூஸாவுல இதவிடப் பெரிய மெஷின் இருக்காம். அங்க காட்டச் சொல்றாரு."

"அப்போ நம்ம இப்திஸாமோட பிரசவம்? மாசம் நெறஞ்சிருச்சே, ஹாஜி. தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்துல இல்லாம?"

"ஒரே ஒரு ஊர்தானே. நல்ல கண்ணோட போய் உன் பேத்தியப் பாரு."

"பேத்தின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பேரன்னா உன்னமாதிரி பிடிவாதமா இருப்பான். வீட்ல ஒண்ணு போதும்."

நஜ்மியா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தான் செய்தது சரிதான் என்று மிஃப்தாஹுக்குத் தோன்றியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஸ்லீத்தன் ஊரில் டயர்க் கடை வைத்திருந்தார், தொழுகை தவறாதவர், யாரையும் ஏமாற்றியதில்லை. தன் மனைவியை மட்டும், அன்பினால், அன்றிலிருந்து ஏமாற்றத் தொடங்கினார்.

வழியில் மஹ்தியாவில், கடலைப் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கினார்கள்.

"லிபியாக்காரங்களா?" என்றார் கடைக்காரர், வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்து. "மிளகாய் விழுது வெக்கவா, இல்ல கண்ணுல தண்ணி வந்திருமா?"

"எங்க வீட்டு விழுதைத் தின்னா நீ கடையப் பூட்டிட்டுக் கடல்ல குதிப்ப" என்றாள் நஜ்மியா.

"அடேயப்பா! ஹாஜி, இவங்ககூட எப்படி இத்தனை வருஷம் குப்பை கொட்டுனீங்க?"

மீன் வந்தது. நஜ்மியாவின் விரல்கள் தட்டின் ஓரத்தைத் தடவி மீனைத் தேடின. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கவனித்தார். "முள்ளெடுக்க மறந்துட்டேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு போனார். முள்ளில்லாமல், சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொண்டுவந்து அவள் கையருகில் வைத்தார். அந்தக் கடையில் யாருக்கும் முள்ளெடுத்துத் தருகிற பழக்கமே கிடையாது. இப்படிப்பட்ட மனிதர்களை இறைவன் ஊருக்கு ஒருவராவது வைத்திருக்கிறான். கண்ணைத் திருப்பித் தர அவர்களால் முடியாது. முள் குத்தாமல் ஒருவேளைச் சாப்பாடு தர முடியும்.

சூஸாவிலும் டாக்டர் சிரித்தார், நஜ்மியாவை வெளியே அனுப்பினார், அதையேதான் சொன்னார். மிஃப்தாஹ் வெளியே வந்து, "தூனிஸ்ல ஒருத்தர் இருக்காராம், பிரான்ஸ்ல படிச்சவராம்" என்றார். தூனிஸில் அந்தப் பிரான்ஸில் படித்தவரைப் பார்க்க முறைபோட்டுக் காத்திருந்தபோதுதான் போன் வந்தது. பெண் குழந்தை. ஸுந்துஸ் என்று பெயர் வைக்கப்போகிறார்களாம்.

நஜ்மியா போனை இடது கண்ணின் மூலையில் ஒட்டவைத்துக்கொண்டாள்.

"உம்மா, தெரியுதா?" என்றாள் இப்திஸாம், போனுக்குள்ளிருந்து.

"ஒரு காது தெரியுதுடி. கொஞ்சம் அசைக்காம புடி. இப்போ துணி தெரியுது. முகம் எங்கடி?"

"பரவாயில்ல உம்மா, நேர்ல பாத்துக்கலாம். நிலாமாதிரி இருக்கா." இப்திஸாம் அவசரமாகப் போனை வைத்துவிட்டாள்.

ஏழாம் நாள் ஊரில் ஆடு அறுத்துக் குழந்தைக்குப் பெயர்சூட்டியபோதும் அவர்கள் தூனிஸில்தான் இருந்தார்கள். நஜ்மியா வாடகை அறையின் சன்னலருகில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போயிரலாம், ஹாஜி. கண்ணு வரும்போது வரட்டும்."

"பின்ஸர்த்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். அதான் கடைசி. சத்தியமா கடைசி."

பின்ஸர்த் வடகோடியில் இருக்கிற துறைமுக ஊர். ஊரை நெருங்கும்போது நஜ்மியா, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கடல் இரண்டு பக்கமும் இருந்தது.

அந்த டாக்டர் அம்மா வயதானவர். சோதித்து முடித்ததும் மிஃப்தாஹ் வழக்கம்போல எழுந்தார். "நஜ்மியா, நீ வெளியில உக்காரு. நான் மருந்து எப்படி ஊத்தணும்னு கேட்டுட்டு வரேன்."

"அவங்க ஏன் வெளியில போகணும்?" என்றார் டாக்டர்.

"இல்ல, வந்து... எங்க பக்கத்துல..."

"உங்க பக்கம் எனக்குத் தெரியும், ஹாஜி. தினம் பாக்கறேன். ஆனா இது இவங்க கண்ணு." டாக்டர் நஜ்மியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மகளே, இந்தக் கண்ணுக்கு இனிமே வைத்தியம் இல்ல. மிச்சப் பார்வை சீக்கிரம் போயிரும். யாரையாவது பாக்கணும்னு ஆசை இருந்தா இப்பவே போய்ப் பாத்துக்கோ."

நஜ்மியா அழவில்லை. அந்தக் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தாள். வெளியே வந்து, பழைய துறைமுகத்தின் கல்வரிசை வரை நடந்தாள். படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

மிஃப்தாஹ் கடலைப் பார்த்தார்.

"ஸ்ஃபாக்ஸ்லயா?"

"ஆமா."

"ஸ்ஃபாக்ஸ்ல உங்க சட்டைப் பொத்தான்கூட எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கே திரும்பியிருந்தா..." அவள் கல்வரிசையில் உட்கார்ந்தாள். "புள்ள பொறக்கும்போது நான் இருந்திருப்பேன். நல்லாப் பாத்திருப்பேன். ரோட்டப் பாக்கவா என் கண்ண வெச்சிருந்தேன், ஹாஜி?"

"நீ உடைஞ்சு போயிருவன்னு பயந்தேன்."

"எங்க உம்மாவுக்கு வயித்துல கட்டின்னதும் நானும் இப்படித்தான் மறைச்சேன். நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன். சாகும்போது அவ என்னைப் பாத்த பார்வை இப்போதான் புரியுது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நான் உங்க கண்ணாலதான் எதையும் பாக்கணும். பொய் சொல்ற கண்ண வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? சொல்லுங்க."

மிஃப்தாஹ் வண்டிச் சாவியை எடுத்தார். "வா, போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றே தெற்கே திரும்பினார்கள். தொழுகைக்கும் பெட்ரோலுக்கும் தவிர வண்டியை நிறுத்தவில்லை. தூனிஸ், சூஸா, ஸ்ஃபாக்ஸ் என்று வந்த ஊர்களெல்லாம் சன்னலுக்கு வெளியே பின்னால் ஓடின. நஜ்மியா ஒரு கையால் இடது கண்ணுக்கு மேலே நிழல் பிடித்துக்கொண்டு வந்தாள், அந்த வெளிச்சத்தைச் செலவழிக்கப் பயந்தவளைப்போல. காபிஸ் வரும்போது மிஃப்தாஹுக்கு ஸ்டியரிங்கில் தலை சாய்ந்தது. விடுதியில் அறை எடுத்துப் படுத்தார்கள்.

மிஃப்தாஹ் அவள் குரல் கேட்டுத்தான் விழித்தார்.

"ஹாஜி, விளக்கப் போடுங்க. சுபுஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யணும்."

சன்னல் திறந்திருந்தது. வெயில் கட்டில் முழுவதும் கிடந்தது. களைப்பில் இருவரும் தொழுகை நேரத்தைத் தாண்டித் தூங்கிவிட்டிருந்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்து, கண்களை அகலத் திறந்துகொண்டு, விளக்குக்காகக் காத்திருந்தாள்.

கரண்ட் இல்லை என்று சொன்னால் போதும். அவர்கள் ஊரில் பாதிநாள் கரண்ட் இருக்காது, உடனே நம்பிவிடுவாள். இன்னும் ஒரு மணி நேரம் அவளுக்குக் கண் இருக்கும். அந்த வார்த்தை மிஃப்தாஹின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கட்டிலில் அவளருகில் உட்கார்ந்தார்.

"விடிஞ்சிருச்சு, நஜ்மியா" என்றார். "வெயில் உன் முகத்துலதான் படுது."

அவள் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது.

"அப்படியா" என்றாள். கையைக் கன்னத்திலிருந்து இறக்கி, "இன்னா லில்லாஹி" என்றாள், இறந்துபோன ஒருவருக்குச் சொல்வதைப்போல. பிறகு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எட்டு ஊருக்குக் கேட்கும்படி அழுதாள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

எல்லையில் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. யாரோ சொல்லி, யாரோ கேட்டு, முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வண்டியை ஒதுக்கி வழிவிட்டார்கள். "போங்க ஹாஜி, பேத்தியப் பாக்கப் போறீங்களாமே" என்று ஒருவர் சன்னல் வழியாக ஆரஞ்சுப் பழங்களைக்கூடக் கொடுத்தார். இனி அவசரம் எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொல்ல மிஃப்தாஹுக்கு வாய் வரவில்லை. நஜ்மியா குரல் வந்த திசைக்கெல்லாம் வாழ்த்தி துஆ செய்துகொண்டே வந்தாள்.

வீட்டில் சம்பந்தி வீட்டார், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று அறை நிறைந்திருந்தது. இப்திஸாம் உம்மாவின் கண்களைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தையை மடியில் வைத்தார்கள்.

"எப்படி இருக்கா?" என்றாள் நஜ்மியா.

"நிலா!" என்றார்கள் பெண்கள் ஒரே குரலில். "பாலும் ரோஜாவும், மாஷா அல்லாஹ்! அப்படியே உங்க ஜாடை!"

"நான் இவரைக் கேட்டேன்" என்றாள் நஜ்மியா.

மிஃப்தாஹ் குனிந்து பார்த்தார். குழந்தையின் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து கழுத்துவரை, திராட்சைச் சாறு கொட்டியதுபோலக் கருஞ்சிவப்பாக ஒரு கறை படர்ந்திருந்தது. இப்திஸாம் அப்பாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். போனில் முகத்தைக் காட்டாமலே வைத்தது ஏன் என்று அவருக்கு அப்போது விளங்கியது. இப்திஸாமின் மாமியார் பார்வையாலேயே எச்சரித்தாள்.

"மூக்கு என்னோடது, சப்பை" என்றார் மிஃப்தாஹ். "முடி நெறைய இருக்கு. இடது கன்னத்துல பெரிய மச்சம் ஒண்ணு, செவப்பா, கழுத்து வரைக்கும். தொட்டா ஒண்ணும் தெரியாது, வழவழன்னுதான் இருக்கு. பாத்தா தெரியும். எல்லாரும் பாப்பாங்க."

"வாப்பா!" என்று கத்திவிட்டு இப்திஸாம் சுவரோரம் திரும்பி அழத்தொடங்கினாள். மிஃப்தாஹ் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி நின்றார்.

நஜ்மியா குழந்தையைத் தன் முகத்தருகே தூக்கினாள்.

"எந்தப் பக்கம் சொன்னீங்க?"

"இடது."

அவள் அந்தப் பக்கத்தைத் தேடி உதட்டை வைத்தாள். பிறகு, மகள் அழுகிற திசையை நோக்கி ஒரு கையை நீட்டி, "இங்க வாடி" என்றாள்.