வழித்த நாக்கு

தர்சினியின் நாக்கில் வெள்ளை படிந்திருப்பதாகத் தெரிந்த நாளிலிருந்து சுஜீவாவுக்கு நிம்மதி போயிற்று.

இருவரும் கிளென் வேவர்லியில் ஒரே தெருக்காரர்கள். கால் கனக்கிறது, எந்நேரமும் அசதி என்று தர்சினி ஸ்பிரிங்வேலில் ஒரு சீன வைத்தியரிடம் போயிருந்தாள். அந்த அம்மா அவள் நாக்கைப் பார்த்து, படிவு தடிப்பாக இருக்கிறது, உடம்பில் குளிரும் ஈரமும் தங்கிவிட்டன என்றார். ஐஸ் தண்ணீர், தயிர், பச்சைக் காய்கறி எல்லாவற்றையும் நிறுத்தினார். அன்றிலிருந்து தர்சினியின் புருசன் பிரஷாந்தன் விடிய எழும்பி அவளுக்கு இஞ்சிக் கஞ்சி காய்ச்சுகிறான். அவள் அதைப் படமெடுத்து ஒவ்வொரு நாளும் சுஜீவாவுக்கு அனுப்புகிறாள்.

கஞ்சி ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். சுஜீவாவுக்குப் பெரிய விஷயம்தான். கல்யாணமாகி இருபது வருசத்தில் அவள் புருசன் அருந்தவன் அவளுக்கு ஒரு கோப்பை சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்ததில்லை. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. உனக்கும் குளிர்தான் என்று அந்த வைத்தியர் அவன் காதுபடச் சொல்லிவிட்டால் போதும்.

"எனக்கும் கால் கனக்குதப்பா. நீங்களும் வாங்கோ," என்று ஒரு சனிக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று காலை வழக்கத்தைவிட இரண்டு தரம் கூடுதலாக நாக்கு வழித்தாள். பிறத்தி மனுசிக்கு முன்னால் நாக்கை நீட்டுவதென்றால் சும்மாவா? வைத்தியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். எல்லாவற்றையும் வழித்துவிட்டு வந்தால் எதைப் பார்ப்பது, வழிக்காமல் அடுத்த சனி வாருங்கள் என்றார்.

அந்த ஏழு நாளும் சுஜீவாவுக்குத் தன் வாயே அருவருத்தது. ஆனாலும் தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெள்ளை ஏறுகிறதா என்று பார்த்தாள். தர்சினியுடையதைவிடத் தடிப்பாக வரவேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைக்காததுதான் குறை.

அடுத்த சனியும் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் பார்த்தார். மெல்லிய படிவு, சுகமான நாக்கு. கால் கனத்துக்கு நல்ல சப்பாத்து வாங்கச் சொன்னார்.

சுஜீவாவின் முகம் விழுந்துவிட்டது. வைத்தியரின் பார்வையோ மூலைக் கதிரைக்குப் போனது. வெயில் கொளுத்துகிற நாளிலும் அருந்தவன் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். குளிருதா என்று கேட்டு, அவனையும் நாக்கை நீட்டச் சொன்னார்.

சுஜீவா வழிக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்ட நாக்கு. சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை, ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். என்ன வேலை என்று கேட்டார். இறைச்சிக் குளிரறையில் பதினொரு வருசம் என்றான். வைத்தியர் சுஜீவா பக்கம் திரும்பினார். குளிரும் ஈரமும். இஞ்சி, சூடான கஞ்சி. இவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் கேட்க ஆசைப்பட்ட சொல் அத்தனையும் ஒன்றுவிடாமல் வந்தன, அவனுக்காக.

காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். அருந்தவன் காரை எடுக்கவில்லை.

"நல்ல மனுசி," என்றான். "இந்தப் பதினொரு வருசத்தில குளிருதோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

இப்போது சுஜீவாவுக்கு அந்த வைத்தியர் மேலேயே பொறாமை வந்தது. அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"இறங்குங்கோ," என்றாள். "இஞ்சி வாங்கவேணும்."