காலி வட்டம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சமூகக் கவலை என்று முன்னுரையில் எழுதிக்கொள்ளலாம்தான், ஆனால் உண்மையான காரணம் ஓர் எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டு.

முதலில் எழுதிய தொடக்கம்: "மின்னசோட்டா மாநிலத்தின் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால், அந்தத் தேர்தலில் வாக்களித்த அத்தனை பேரிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள்..." (எனக்கே கொட்டாவி வந்தது. ஆனாலும் இந்த விதி இல்லாமல் கதை நகராது. மூன்றாம் பகுதியில் திரும்ப வரும்.)

அடுத்தது: "பெர்னடீன் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தபோது அவளுடைய கூந்தல்"

வேண்டாம். அவள் கூந்தலை நான் ஏன் வர்ணிக்க வேண்டும்?

மூன்றாவது: "என் கணவன் ஆர்லன் கடைசித் துண்டை முழுசாக எடுத்தான்."

இது இருக்கட்டும்.

2

எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் முழுசாக எடுப்பதில்லை. பாதி வெட்டி எடுப்போம். அடுத்தவர் மிச்சத்தில் பாதி எடுப்பார். கடைசியில் ஒரு துணுக்கு தட்டிலேயே காய்ந்துபோகும், அதைக் கழுவும் தொட்டியில் தட்டிவிடுவோம். நான் சமைத்துப்போட்ட இத்தனை வருடத்தில் ஆர்லன் ஒருநாளும் இந்த முறையை மீறியதில்லை.

அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நிலத்தடி நீர்க் குழுவின் கூட்டம். மின்னசோட்டாவின் நிலத்தடி நீரை வெளியே கொண்டுபோய் விற்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டும், அதற்கு மக்களின் வாக்கு வேண்டும். ஆர்லன் கிணறு தோண்டுகிறவன். அவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. குழுவின் தலைவி பெர்னடீன், கணவனை இழந்தவள், ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலமான விஸ்கான்சினிலிருந்து குடிவந்தவள். கேக்கும் அவள் செய்ததுதான்.

ஆர்லன் கத்தியை எடுத்தான்.

"அத எதுக்கு வெட்டறீங்க? முழுசா எடுங்க" என்றாள்.

"இல்ல, பரவாயில்ல..."

"ஆசையா இருக்குல்ல? எடுங்கன்னா!"

எடுத்தான். தாடையில் சர்க்கரைப் பொடி ஒட்டியிருந்தது.

வண்டியில் வரும்போது கேட்டேன்: "கேக்கு எப்படி?"

"மோசமில்ல."

(எங்கள் ஊர்க்காரன் வாயில் 'மோசமில்லை' என்று வந்தால் அவன் சொக்கிப்போய்விட்டான் என்று பொருள்.)

3

இப்போது அந்த விதி. வாக்குச்சீட்டில் மற்ற இடங்களை நிரப்பிவிட்டுத் திருத்தக் கேள்விக்கு மட்டும் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு வட்டங்களையும் காலியாக விட்டால், அது 'இல்லை' என்றே எண்ணப்படும். வாய் திறக்காதவரும் எதிர்த்தவர்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. நாங்கள் யார் முகத்துக்கு நேராகவும் 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகாதவர்கள். 'பார்க்கலாம்' என்போம், 'வித்தியாசமா இருக்கே' என்போம், அதுவும் முடியாவிட்டால் சன்னலுக்கு வெளியே பார்ப்போம். எங்கள் மௌனத்துக்கு என்ன பொருள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பெர்னடீனுக்குத் தெரியவில்லை. அவள் ஊரில் காலி வட்டத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, சொன்னவர்களை மட்டும்தான் எண்ணுவார்கள். வீடு வீடாகப் போகும்போது என் கணவன் தன் வண்டியில் அவளை உட்காரவைத்து இதை விளக்கினான்.*

"என்ன அக்கிரமம் இது! சும்மா இருக்கறவன் வேண்டாம்னு சொன்னதா எப்படி ஆகும்?"

"இங்க அப்படித்தான். எங்காளு ஒருத்தன் வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லிட்டா, அன்னிக்கே அவன டாக்டர்கிட்ட காட்டணும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். இதை என்னிடம் சொன்னவளும் அவளே. என் கணவன் அடித்த நகைச்சுவையை நான் அடுத்தவள் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

\* ஒரு பத்தியில் சொல்லிவிட்டேனே, அவனுக்கு ஏன் அத்தனை மாலைகள் தேவைப்பட்டன?

4

கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம். இரண்டாம் வரைவில் பெர்னடீனுக்கு மாறுகண் வைத்தேன். ஒட்டவில்லை. அவளுடைய காபியைத் தண்ணீராக்கினேன், அடுத்த பக்கத்திலேயே நன்றாகப் போட்டுவிட்டாள். நான் காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டுவந்தாள். "மார்லிஸ், எழுந்திரிக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று பாத்திரங்களையும் கழுவினாள். அவள் நல்லவள் என்பதுதான் தாங்கவில்லை.

ஒரு முடிவு யோசித்தேன்: உறைந்த ஏரியின் மேல் அவள் வண்டி போகிறது, பனி விரிசல் விட (அடித்துவிட்டேன். தேர்தல் நவம்பர் தொடக்கத்தில். அப்போது ஏரி உறைந்திருக்காது.)

5

தேர்தலன்று நான் 'ஆம்' வட்டத்தைத்தான் கறுப்பாக்கினேன். பொறாமைக்காரிதான், அதற்காகத் தண்ணீரை விற்கமாட்டேன்.

மறுநாள் காலை ஆர்லன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். காபி ஆறிக்கிடந்தது.

"ஜெயிச்சுதானே இருக்கணும் மார்லிஸ். வாயத் தொறந்தவங்கள்ல ஆமான்னவங்கதான் அதிகம். சும்மா விட்டுட்டுப் போனவங்க கவுத்துட்டாங்க."

"நீதான் வீடு வீடாப் போய்ச் சொன்னியே?"

"சொன்னோம். எல்லாரும் தலையாட்டினாங்க."

அவன் 'சொன்னோம்' என்றதில் அந்த 'ஓம்' என்னைக் குத்தியது. ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"உனக்கு அவமேல ஆசையா?"

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

எனக்குள் குதூகலம். காலி வட்டம்! காலி என்றால் இல்லை! இதோடு நிறுத்தியிருக்கலாம். பேராசை.

"என்மேல?"

அவன் சன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை.

6

முடிவு ஒன்று: ஆர்லன் எழுந்து வந்து என் தோளில் கை (பொய். அவன் எழவில்லை.)

முடிவு இரண்டு: பெர்னடீன் கதவைத் தட்டி

அவளை இந்த முடிவுக்குள் விடமாட்டேன்.

மூன்று: நானே எண்ணிப் பார்த்தேன். எங்கள் மாநில விதிப்படி என் கணவனுக்கு அவளும் வேண்டாம், நானும் வேண்டாம். அவள் மாநில விதிப்படி அவன் கணக்கிலேயே இல்லை. சொன்னவள் நான் ஒருத்திதான், முதல் கேள்விக்குச் சந்தேகத்தில், இரண்டாவதற்கு ஆசையில், இரண்டுக்கும் என் வாக்கு 'ஆம்'. அப்படியானால் அவனுக்கு இருவருமே வேண்டும்.

முதல் கேள்வியை எங்கள் விதிப்படியும் இரண்டாவதை அவள் விதிப்படியும் எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் பாருங்கள், என் புருஷனை வைத்துக்கொள்ளக்கூட அவளிடம்தான் விதி வாங்க வேண்டியிருக்கிறது.

அதனால் எண்ணும் வேலையை உங்களிடம் விடுகிறேன். மார்லிஸ் அவனோடு இருக்கலாமா?

ஆம் ○ இல்லை ○

ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டுப் போங்கள். சும்மா பக்கத்தைப் புரட்டிவிட்டால், நான் மின்னசோட்டாக்காரி, அதை எப்படி எண்ணுவேன் என்று உங்களுக்கே தெரியும்.