ஞாயிற்றுக்கிழமை தூரம்

நைரோபியில் மனை விற்கிறவர்கள் இடம் காட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஆளைக் கூட்டிப்போவார்கள். பஸ்ஸும் இலவசம், சோடாவும் இலவசம். முசெம்பியும் அப்படித்தான் நகரத்துக்கு வெளியே இருக்கும் ஜோஸ்காவுக்குப் போனான். சாலை துடைத்து வைத்தாற்போலக் கிடந்தது.

"இருபத்தஞ்சே நிமிஷம், பாத்தீங்களா சார்!" என்றான் தரகன்.

முசெம்பி மனையை வாங்கி, வீட்டைக் கட்டி, மனைவி கலுண்டேயோடு குடியேறினான். திங்கட்கிழமை விடிவதற்குள் ஜோஸ்கா மொத்தமும் அந்த ஒற்றைச் சாலையில் இறங்கி நின்றது. நைரோபியில் வேலைக்குப் போக அவன் ஏறிய வேன் நகர்வதாகத் தெரியவில்லை. வாழைப்பழக்காரி நடந்தே அதை முந்திப்போனாள்.

"இருட்டுல போறே, இருட்டுல வர்றே. நம்ம வீட்டுக்கு என்ன கலர் அடிச்சிருக்கோம், சொல்லு பாப்போம்?" என்றாள் கலுண்டே ஒருநாள்.

முசெம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்க்க எழுந்தான்.

"பேசாம டவுன்லயே ஒரு ரூம் எடுத்துத் தங்குய்யா!"

நைரோபியில் முன்பு குடியிருந்த அறை காலியாகத்தான் இருந்தது. "வாங்க, சொந்த வீட்டுக்காரரே! வாடகையக் கொஞ்சம் ஏத்திட்டேன். உங்களுக்கென்ன, நீங்க இப்ப நிலபுலன் உள்ள ஆளு," என்றார் பழைய வீட்டுக்காரர்.

இப்போது வாரம் முழுக்க அவனுக்கு அந்த அறைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனை பார்க்கிறவர்களின் இலவச பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். தரகனும் ஆட்சேபிப்பதில்லை.

"இந்த அண்ணன் அங்கேயே வீடு கட்டினவரு. எவ்வளவு நேரமாகும்னு அவரையே கேளுங்க," என்பான்.

முசெம்பி சோடாவை ஒரு வாய் உறிஞ்சிக்கொள்வான். "வாரா வாரம் போறேன். இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆனதே இல்லீங்க."