ஃபேர்லி என்றால் எவ்வளவு

பதினொரு மணிக்கு மூன்றாவது வார்டின் கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். பெரிய டாக்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆங்கிலத்தில் ஒன்றரை வரி எழுதிவைத்துவிட்டுப் போவார். அதை வீட்டாருக்குத் தமிழில் சொல்வது அங்கே வார்டு கிளார்க்கின் வேலை. பத்தொன்பது வருஷமாக அவள்தான் சொல்கிறாள். வெளியே வருமுன், கதவுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, சீட்டில் இருக்கும் பெயர்களையெல்லாம் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வருவாள்.

டாக்டருக்குக் கைவந்த சொல் 'ஃபேர்லி'. ஃபேர்லி ஸ்டேபிள், ஃபேர்லி கம்ஃபர்டபிள். அதன் அளவு அவளுக்கு அத்துப்படி. 'வெரி'க்கு இரண்டு படி கீழே நிற்கும். நல்ல வார்த்தைக்கு முன்னால் வந்து அதன் தலையில் லேசாகத் தட்டி உட்காரவைக்கும். பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் 'ஃபேர்லி குட்' என்று இருந்தால் அவள் அப்பா கையெழுத்துப் போடுமுன் ஒரு பெருமூச்சு விடுவார். சரியாகச் சொன்னால் 'ஓரளவு'. ஆனால் தூக்கம் கெட்ட அந்த முகங்களைப் பார்த்து 'ஓரளவு' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. "நல்லாவே இருக்காங்க" என்பாள். ஒரு படி ஏற்றிக் கொடுத்தால் யார் குடி முழுகிவிடும்? அந்தக் குடும்பம் அன்றைக்கு ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிடும்.

ஏழாம் கட்டில்காரியின் புருஷன் தையல்காரர். வந்த இரண்டாம் நாளே மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சீட்டை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இந்த ஃபேர்லி எத்தனை இன்ச் தங்கச்சி?"

பெஞ்சே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'கொஞ்சம் லூசா' என்றுதான் சொல்வார்களாம். தொப்பைக்காரரின் கொஞ்சம் இரண்டு இன்ச், காலேஜ் பெண்ணின் கொஞ்சம் கால் இன்ச். ஆளைப் பார்த்துத்தான் கத்தரி வைக்க வேண்டும் என்றார். அவளும் ஆளைப் பார்த்தாள். காலர் கசங்கிய சட்டை, இரண்டு நாள் தாடி, தரையில் மூடி திறக்கப்படாத சாப்பாட்டு டப்பா. "அண்ணி நல்லாவே இருக்காங்க அண்ணே" என்றாள். அவர் அங்கேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

ஒன்பதாம் நாள் ஃபேர்லிக்குப் பக்கத்தில் நின்ற வார்த்தை மாறியது. ஃபேர்லி வீக். நல்லதைத் தட்டி உட்காரவைத்த அதே சொல், கெட்டதன் பக்கம் போனதும் அதற்கு முட்டுக்கொடுத்து நின்றது. 'நல்லாவே தளர்ந்திருக்காங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் களைப்பு" என்றாள்.

மறுநாள் காலை மாடிப்படியில் ஏறி வரும்போது, கீழ்ப்படியில் நின்று தையல்காரர் போனில் பேசுவது காதில் விழுந்தது. மகள் ஒரு நாள் முழுக்க ரயிலில் வர வேண்டிய தூரத்தில், மில் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு, அதுவும் ஒரே தவணையாக.

"இப்ப வேணாம்மா. நல்லாவே இருக்காங்கன்னு கிளார்க்கம்மா தினம் சொல்றாங்க. அம்மா வீட்டுக்கு வரட்டும், அப்ப வா. பன்னெண்டு நாளும் அவ பக்கத்துலயே படுத்துக்கோ."

அவள் ஏழாம் கட்டிலைப் பற்றி நேராக டாக்டரிடம் போய்க் கேட்டாள். வரவேண்டியவர்கள் யாராவது இருந்தால் வரச்சொல்லிவிடுங்கள் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் கண்ணை மூடினாள். அன்றைக்கு ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. கூட்டிச் சொன்னது இரக்கமா, அழுகிற முகத்தைப் பார்க்கப் பயந்த தன் கோழைத்தனமா என்றுதான் கடவுளிடம் கேட்டாள்.

பெஞ்சில் தையல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் கூட்டிக் கூட்டிச் சொல்லிட்டேன்."

"எவ்வளவு?"

"மகள இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லுங்க."

அவர் தன் கட்டைவிரலில் இருந்த ஊசித் தழும்புகளைத் தடவினார். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்க. நானும் அப்படித்தான நின்னேன்" என்றார். பிறகு போனை எடுத்தார். எண் தவறித் தவறிப் போகவே, அவள் வாங்கி அழுத்திக் கொடுத்தாள்.

அடுத்த நாள் குறிப்பில் ஃபேர்லி இல்லை. இருந்ததை இருந்தபடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பார்வை நேரம் மாலை ஐந்துக்குத்தான். ஆனாலும் தன் மேஜைக்கடியில் கிடந்த ஸ்டூலைத் தூக்கி வந்து ஏழாம் கட்டிலருகில் போட்டு, அவரை உட்காரவைத்தாள். நர்ஸ் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போய்விட்டாள்.

மத்தியானம் மகள் போன் செய்தாள். ரயில் வந்து சேர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. தையல்காரர் போனை மனைவியின் காதோரம் வைத்தார். தண்டவாளச் சத்தத்துக்கு நடுவே மகளின் குரல், கடக்கிற ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அம்மாவின் கண் மூடியே இருந்தது. ஒவ்வொரு பெயர் முடிந்ததும் போர்வைமேல் ஒரு விரல் எழுந்து படிந்தது. கிளார்க் திரையை இழுத்துவிட்டு, அந்தக் கால்மாட்டிலேயே நின்றாள். மகள் அடுத்த ஊரின் பெயரைச் சொன்னாள்.