குடல் சத்தம்

என் நாத்தனார் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது என்னோடு சண்டை போட. ஆனால் நான் நூலில் முடிச்சுப் போடுவதைப் பார்த்ததும், "என்ன அண்ணி முடிச்சு இது? இழுத்தா அவிழ்ந்துடும்" என்றாள். தையற்காரி. சாவு வீட்டில்கூட யார் சட்டையில் பொத்தான் இல்லை என்று பார்க்கிறவள். நூலைப் பிடுங்கி அவளே போட்டாள்.

நூலின் நுனியில் இருந்தது முயலின் குடல், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு. அரைமணி நேரத்துக்கு முன்பு அந்த முயலைக் கொன்றது நான்தான். மருத்துவ மாணவர்களுக்குச் செய்முறை வகுப்புகளைத் தயார் செய்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன்.

அவளை வரச் சொன்னதும் நான்தான். என் கணவர் இறந்து ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அவளும் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. தினமும் ஃபோனில் ஒரே பேச்சு: "அண்ணனை உயிரோடவே சுடுகாட்டுக்கு அனுப்பிட்டோம், அண்ணி."

நடந்தது இதுதான். அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். கத்தி பட்ட வயிற்றில் குடல் இரண்டு மூன்று நாள் அசையாமல் கிடக்கும், அது வழக்கம். அது மறுபடி ஓட ஆரம்பித்தால்தான் சாப்பாட்டையே நினைக்கலாம். நர்ஸ் காலையும் மாலையும் வந்து, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பாள். இவர் பஸ் டிரைவர். "டயர்ல வேணா பிரியும், எனக்குப் பிரியல" என்பார். வார்டே சிரிக்கும். நான் ஒரு ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுபோய், எங்கே வைத்துக் கேட்பது என்று நாத்தனாருக்குக் காட்டிக்கொடுத்தேன். "கடமுடன்னு கேட்டா உங்கண்ணன் பொழைச்சாருன்னு அர்த்தம்" என்று சொன்னதும் இந்த வாய்தான். நாலு நாள் இருவரும் மாறி மாறிக் கேட்டோம். சத்தமே இல்லை.

ஐந்தாம் நாள் காலை, காலில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. டாக்டர் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நாத்தனார் என்ன நினைத்தாளோ, அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். "அண்ணி! கேக்குது! கடமுடன்னு கேக்குது!" அவள் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். நானும் வாங்கிக் கேட்டேன். கேட்டது. இன்றைக்கும் தொட்டியில் தண்ணீர் இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்கிறது. கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிடுகிறேன்.

முயல் குடலை உடம்புச் சூட்டிலிருந்த உப்புநீருக்குள் இறக்கினேன். அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் வந்தன. கொஞ்ச நேரம் அது சும்மா தொங்கியது. பிறகு சுருங்கியது. நீண்டது. மறுபடி சுருங்கியது. மேல் நூலோடு கட்டியிருந்த பேனா, தாளில் மேடும் பள்ளமுமாக வரைய ஆரம்பித்தது.

நாத்தனார் ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, உசிரோட இருக்கு!"

"முயல் அதோ தட்டுல கிடக்கு. இது வெறும் தசை. கை கால் தசைன்னா நாம சொன்னபடி கேக்கும். இது நம்ம பேச்சைக் கேக்காது."

"எங்கண்ணன் மாதிரி" என்றாள். ஏழு வாரத்தில் முதல்முறையாக இருவரும் சிரித்தோம்.

"கை தசையில இருக்குற வரியெல்லாம் இதுல கிடையாது. ரெண்டு பக்கமும் கூரா, குட்டிக் குட்டி செல்லு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணு சுருங்கினா பக்கத்துல உள்ளதுக்கும் சேதி போயிடும். கால்சியம் உள்ள வந்தா சுருங்கும், வெளிய போனா விட்டுடும். இதுக்கு மூளையும் வேணாம், இதயமும் வேணாம். சூடும் காத்தும் இருந்தா மணிக்கணக்கா ஆடும். அன்னைக்கு உங்கண்ணன் வயித்துல இருந்தது மிச்சச் சூடு. அவ்வளவுதான்."

"அப்போ அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்காது."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அத்தோடு அவளை அனுப்பியிருக்க வேண்டும். பையை எடுத்தவள் திரும்பினாள்.

"சூடு அந்த நாலு நாளும்தானே இருந்துச்சு? அப்போ ஏன் ஆடல?"

நல்ல கேள்வி. மாணவர்கள்கூடக் கேட்டதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை வந்துவிட்டது. அட்ரினலினை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். குடல் தளர்ந்து தொங்கியது. பேனா நேர்கோடு போட்டது.

"பாத்தியா? நரம்பு வழியா இப்படித்தான் பிரேக் விழும். உயிர் போனா பிரேக்கும் போயிடும், அதான் அப்புறம் ஆடுச்சு."

"இது என்ன மருந்து?"

"மருந்து இல்ல. பயந்தா உடம்புல தானா ஊறுறது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவள் அந்த நேர்கோட்டையே பார்த்தாள். "அப்போ அண்ணன் நாலு நாளும் பயந்துகிட்டேவா இருந்தாரு?"

கத்தி பட்டாலே குடல் நிற்கும், வீக்கத்தால் நிற்கும், வலி மருந்தால் நிற்கும். எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு நினைவு வந்தது வேறு. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "ஏம்மா, நான் வீட்டுக்கு வந்துடுவேன்ல?" என்று கேட்டார். நான் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமலே, "பேசாம இருங்க, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றேன்.